அம்பைத் திருப்பினால் கிணறு திரும்புமா?

மாமா,

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல், என் தப்பையும் சேர்த்தே எழுதப்போகிறேன். இன்று மத்தியானம் அத்தை, நீங்கள் படம் சுருட்டி வைக்கும் தகரக் குழாயை என் கையில் கொடுத்தார். "நீதான எப்பவும் குறை சொல்லுவ, நீயே வச்சுக்கோ" என்றார். அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடிவந்து மூடியைத் திருகினேன். படம் நகலெடுக்கும் அமோனியாவின் நெடி! நீங்கள் கண்மூடி இரண்டு மாதமாகியும் அது போகவில்லை. உள்ளே நம் பந்தயப் பாதையின் படம் சுருண்டு கிடந்தது.

பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் சாலைக்கும் பாலத்துக்கும் படம் போடுவீர்கள். ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்ததும் யாரும் கேட்காத பந்தயப் பாதைகளை வரைவீர்கள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு வேலை, அவற்றில் தப்பு கண்டுபிடிப்பது. ஒரு தப்புக்கு ஒரு பொட்டலம் பால்கோவா. "வாத்தியாரம்மா வந்தாச்சு, ஆபீசைப் பூட்டுங்க" என்று அத்தை சிரிப்பார். "பிரேக் பிடிக்கலன்னா வண்டி எங்கன போகும்னு மொதல்ல பாருட்டி, பொறவு வளைவைப் பாரு" என்பீர்கள்.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே ஒருவர் கேட்டுவிட்டார்! பொங்கலுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம், தன் தரிசு நிலத்தில். நீங்கள் செருப்புகூடப் போடாமல் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்ததை மறக்கவே முடியாது. நீளமான நேர்பாதை மேற்கே மலையைப் பார்த்து ஓடும். அதன் முடிவில் மரமில்லாத வெறும் புன்செய்க் காடு. நிலத்தின் கிழக்கு மூலையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதன் பக்கம் கொண்டை ஊசி வளைவு. வண்டிகள் அங்கே ஊர்ந்துதான் வரும்.

பந்தயத்தில் ஓட்டப்போகிற மெக்கானிக் அண்ணன் படத்தைப் பார்த்தார். "இது ரேசுக்கா, மாட்டு வண்டிக்கா?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் காது சிவந்துவிட்டது. அடுத்து நிலத்துக்காரர் விரலால் பாதையைச் சுற்றிப் பார்த்து, "இடமால்ல சுத்துது! ஆண்டாள் தேரே வலமாத்தான் வருது. இடமாச் சுத்துறது எழவு வீட்டுல. என் நெலத்துல ஆகாது" என்றார். அவ்வளவுதானே என்று ரப்பரை எடுத்தீர்கள். அம்புக்குறிகளை அழித்து, மறுபக்கம் பார்த்து வரைந்தீர்கள். எல்லோருக்கும் சந்தோஷம். நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள்.

என் தப்பு இங்கேதான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்பு திரும்பியதும் நேர்பாதை மலையை விட்டுவிட்டுக் கிணற்றைப் பார்த்து ஓடியது. ஆனால் உங்கள் காதின் சிவப்பு அப்போதுதான் தணிந்திருந்தது. எப்படிச் சொல்வது? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், நோட்டீஸ் கட்டோடு நீங்கள் வாசலில் இறங்கியபோது சொல்லியேவிட்டேன்.

"மாமா, அம்பைத் திருப்பிட்டீங்க. கிணத்தைத் திருப்பலையே."

நீங்கள் நின்றபடியே படத்தை விரித்துப் பார்த்தீர்கள். முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, கொலை பண்ணப் பார்த்தேனே" என்றீர்கள். அத்தை, "அதான் நோட்டீசு அடிச்சாச்சே" என்று இழுத்தார். "அடிச்சா? ஆளை அடிக்கவா?" என்று கத்தினீர்கள்.

பிறகு பாதையை மட்டும் வரைந்த கண்ணாடித்தாளை நிலப்படத்தின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோமே! பாதை வலமாகச் சுற்றவேண்டும், ஆனால் நேர்பாதை மலையைப் பார்க்கவேண்டும். அம்புகளைப் பழையபடியே போட்டு, தாளை இடம் வலமாகப் புரட்டினீர்கள். பாதை வலமாகச் சுற்றியது, ஆனால் மறுபடியும் கிணற்றுக்கே போனது. "விடமாட்டேங்குதே சனியன்!" என்றீர்கள். நான் தாளைப் பிடுங்கி மேல் கீழாகப் புரட்டினேன். வலமாகவும் சுற்றியது, நேர்பாதை மலையையும் பார்த்தது! நாம் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

சாயங்காலமே நிலத்துக்காரரிடம் போய், அந்த மெக்கானிக் அண்ணன் முன்னாலேயே, "தப்பு என்னுது" என்றீர்கள். அச்சடித்த நோட்டீசில் இருந்த படத்தின்மேல் புதுப்படத்தை நாமே ஒட்டினோம். மலைப்பக்கக் காட்டை உழுது போடவும் சொன்னீர்கள். "ரேசுக்கு எதுக்கு உழவு? கடலை போடவா?" என்று மெக்கானிக் அண்ணன் அதற்கும் சிரித்தார்.

பந்தயத்தன்று எம்புட்டுக் கூட்டம்! மூன்றாவது சுற்றில் முன்னால் போன வண்டி நேர்பாதையின் முடிவில் திரும்பவேயில்லை. நேராக உழவுக்குள் பாய்ந்து, புதைந்து, சாய்ந்தது. என் கையை நீங்கள் நெரித்தது இன்னும் வலிக்கிறது. புழுதிக்குள்ளிருந்து எழுந்தது மெக்கானிக் அண்ணன். தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "காட்டை நல்லாத்தான் உழுது வச்சிருக்கீய அண்ணாச்சி" என்றார். நீங்களோ எதிர்மூலைக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது மேசையில் அந்தப் படத்தை விரித்து நான்கு மூலையிலும் புத்தகம் வைத்திருக்கிறேன். கீழே சின்னக் கட்டங்கள். 'வரைந்தவர்' என்பதில் உங்கள் கையெழுத்து. 'சரிபார்த்தவர்' என்பதில், நீங்கள் கோடு பிடித்து எழுதும் அழகான எழுத்தில், என் பெயர். பக்கத்தில் 'ஒன்பதாம் வகுப்பு, அ பிரிவு'. நீங்கள் இதைச் சொல்லவேயில்லையே மாமா!

எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கிணற்றைத்தான் தேடுகிறது. கண்டால் இனி இரண்டு நாள் காத்திருக்கமாட்டேன். நான் காத்திருந்தது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதோ, சொல்லிவிட்டேன்.

"பாப்பா, பூட்டணும்" என்கிறார் நூலகர். படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டுவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.