அப்பா எழுதிய ‘நலம்’

என் வாயாடிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, தம்பி தூங்கிய பிறகுதான் சாப்பாட்டு மேசை எனக்குக் கிடைக்கிறது. இங்கே நாங்கள் நலம், நீ நலமா என்று முதல் வரி எழுதி, அதை அடித்திருக்கிறேன் பார், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டுபோய் வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்திருக்கிறான். நான் வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறேன்.

நேற்று அப்பாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. கப்பலிலிருந்து தானாகக் கடலில் குதித்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாது என்பதுதான் கம்பெனியின் பேச்சு, மனநோயால்தான் அப்படிச் செய்தார் என்று நாம் நிரூபித்தால் மட்டும் உண்டு. அப்பா எந்த டாக்டரையும் பார்த்ததில்லை, பார்த்தால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தார், அதனால் நம்மிடம் ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லை. ஆனால் அவர்களிடம் அப்பாவின் வார்த்தைகளே இருக்கின்றன. கடைசிப் பயணத்தில் அவர் எனக்கு அனுப்பிய செய்திகளை, நாமே தாக்கல் செய்தவைதான், அவர்கள் வக்கீல் எழுந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் நலம். இங்கே எல்லாம் நலம். நலமாக இருக்கிறேன், கவலை வேண்டாம். இத்தனை தெளிவாக எழுதுகிறவருக்கு மனநோயா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லோரும் அப்படித்தானே ஐயா ஆரம்பிப்போம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. நம் வக்கீலம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவருடைய மாடி அறையில் உட்கார்ந்தோம். நீங்க ஒருத்தர் சொன்னா கோர்ட்ல நிக்காதும்மா, வீட்ல இன்னும் யார் பாத்தாங்க என்று கேட்டார். கூட வந்திருந்த சித்தப்பா உடனே சீறினார், எங்க அண்ணனைப் பைத்தியம்னு நாங்களே எழுதிக் குடுக்கணுமா, நாளைக்கு எங்க வீட்டுப் பொண்ணை எவன் கட்டுவான் என்றார். சார், காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்ல வெக்கப்படுவீங்களா, இதுவும் உடம்புக்கு வர்றதுதான் என்றார் வக்கீலம்மா. சித்தப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன், அதனால் நீ அவர்மேல் வருத்தப்படாதே.

நான் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசி விடுமுறையில் ஃப்ரிட்ஜ்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சத்தம் மாறிடுச்சு என்று அப்பா நிற்பார், எஞ்சின் ரூமை வீட்டுக்கே கொண்டுவந்துட்டீங்களா என்று நான் சிரிப்பேன். வாஷிங் மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்ததையும் சொன்னேன், வக்கீலம்மா சிரிக்கவில்லை. ஆனால் அந்த மதியம் நடந்ததைப் பார்த்தது நீ மட்டும்தான். உன் காதைச் சுவரில் வைக்கச் சொல்லி, உள்ள ஆளுங்க தட்டுறாங்க, கேக்குதா என்று அப்பா கேட்டதும், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நீ கேக்குதுப்பா என்று சொன்னதும். அவர் போன பிறகு ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாய், அதோடு வாயை மூடிக்கொண்டாய். நீ ஆமாம் என்றதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று மனதுக்குள் ஏதாவது ஓடுகிறதா கண்ணு? பயந்துபோயிருந்த மனிதரைத் தனியாக விடாமல் பக்கத்தில் நின்றாய், அவ்வளவுதான். அதை எழுதிக்கொடுக்க முடிந்தால் கொடு. முடியவில்லை என்றால் வேண்டாம், வழக்கு போகிற வழியில் போகட்டும், இந்த வீட்டை நான் ஓட்டிக்கொள்வேன்.

என் பயம் வேறு. மூச்சுவிடாமல் பேசுகிற பெண் நீ, கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து வருவதெல்லாம் ஒரே வரி, நல்லா இருக்கேன்மா. நேற்று அந்த வக்கீல் படிக்கப் படிக்க எனக்கு உன் குரலில்தான் கேட்டது. அதனால்தான் அந்த முதல் வரியை அடித்தேன். நான் நலமாக இல்லை, உன் அப்பாவின் சட்டைகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன, திறக்கவே பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லலாம்தானே?

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடாதே. தூக்கம் வரவில்லை என்றால் கல்லூரி டாக்டரிடம் போ, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. நீயும் தம்பியும் மனம் நிறைந்து நெடுங்காலம் வாழவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். எப்படி இருக்கிறாயோ அதை அப்படியே எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா