லெயோனோருக்கு எள்ளும் தண்ணீரும்

12.2.1996, திங்கள்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்து என் நெறியாளர் பேராசிரியர் கார்த்திகேசனிடம் கொடுத்துவிட்டேன். லெயோனோர் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்பெயின்காரி, அந்த நாட்டின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருத்தி. முதல் நாவலைக் கணவன் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டான். இரண்டாவதன் முன்னுரையில் ‘இதை எழுதியவள் நான்’ என்றே போட்டுவிட்டாள். அதற்காகவே அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் இறந்த நாள் யாருக்கும் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் ஊர் ஆற்றங்கரையில் திதி கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ‘ஆடி அமாவாசையன்று குறுக்குத்துறையில் இவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும்’ என்று ஓரத்தில் விளையாட்டாக எழுதியிருந்தேன். அழிக்க மறந்துவிட்டது. திட்டப்போகிறார்.

20.3.1996

திட்டவில்லை. படித்தாரா?

18.4.1996, வியாழன்

கருத்தரங்க மலர் வந்தது. ‘லெயோனோர்: வாழ்வும் படைப்பும் – முனைவர் கார்த்திகேசன்.’ என் இயல். ஓர் எழுத்து மாறவில்லை. எள்ளும் தண்ணீரும்கூட அப்படியே அச்சில்! முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. பிறகு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அவர் அறைக்கே போய்க் கேட்டேன். “இதெல்லாம் வழக்கந்தாம்மா. சனிக்கிழம இதத்தான் வாசிக்கப்போறேன், முன்வரிசைல உக்காந்து கேளு. உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடணும்லா?”

19.4.1996

கணேஷ்ராம் அண்ணன் சொல்கிறான்: “ஏட்டி ராஜி, பைய போ. ஜூன்ல காலேஜ் வேல கெடைக்கணும்னா அந்தக் கையெழுத்து வேணும். வாங்கிட்டு அப்புறம் சண்ட போடு.”

வாங்கிய பிறகு வாய் திறப்பேனா? என்னை எனக்குத் தெரியாதா! மாட்டேன். நாளைக்கே.

20.4.1996, சனி

வாசித்தார். அந்த வரியையும் வாசித்தார்! வாசித்த பிறகுதான் விழித்தார். கூட்டத்தில் ஒருவர், “ஸ்பெயினுக்கும் குறுக்குத்துறைக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்றார்.

“அது... அங்கயும் நீத்தார் கடன் உண்டு. ஒப்பீட்டு நோக்கு.”

எழுந்துவிட்டேன். நோட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

“ஒப்பீடு இல்லய்யா. எங்க வீட்டு வழக்கம். நான் விளையாட்டா எழுதுனது. கட்டுரை மொத்தமும் நான் எழுதுனது. என் நோட்டு இந்தா இருக்கு.”

சிரித்தார்கள். அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை. ஒருவரும் என் பக்கம் பேசவில்லை.

22.4.1996

கையெழுத்து கிடையாதாம். போடா.

10.6.1996

வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அண்ணன் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வலிக்கத்தான் செய்கிறது. சுகிர்தா மேடம் நெறியாளராக இருக்கச் சம்மதித்தார். முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும், இன்னும் இரண்டு வருஷம். ஆகட்டும், மூன்றாம் இயலை முன்பைவிட நன்றாக எழுதுவேன்.

14.7.1996, ஞாயிறு

காலையில் ஒருவர் வந்தார். முப்பிடாதி, ராதாபுரத்தில் தமிழாசிரியர், கார்த்திகேசனின் பழைய மாணவர். பையிலிருந்து பழுப்பேறிய தாள்கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பேராசிரியர் பெயர் போட்டு வந்த புத்தகம், நாங்கள் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தது. முழுவதும் இவர் கையெழுத்தில்.

“பதினோரு வருசமா யார்ட்டயும் காட்டலம்மா. அன்னைக்கு நீங்க எந்திரிச்சு நின்னப்ப நானும் அங்கனதான் இருந்தேன். வாயத் தொறக்கல.”

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தோம். அண்ணன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“யார் பேர மொதல்ல போட?” என்று கேட்டார் முப்பிடாதி.

பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.