மூன்று பந்துகள்

லா சப்பல், பாரிஸ்
15.10.2019

அன்பின் சாரதாதேவிக்கு,

நான் நலம். உம்முடைய முழங்கால் நோ இப்போது எப்படி?

“ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறது அவ்வளவு பெரிய வேலையோ?” என்று போன மாதம் கேட்டீர். அமெரிக்கக் கல்லூரியில், கையால் பந்தெறிந்து விளையாடும் அவர்களுடைய புட்போல் அணியில், எங்கள் மகன் கிருஷிகனுக்கு அதுதான் வேலை: பின்னாலிருந்து எறிகிற பந்தை ஓடியபடியே திரும்பிப் பிடிப்பது. சனிக்கிழமை ஆட்டத்தில் மூன்று பந்துகளைத் தவறவிட்டான். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த அணியின் ரசிகர்கள் இணையத்தில் அவனைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள். கடை முதலாளி பொன்னம்பலம் அண்ணை போனைப் பார்த்து எனக்குத் தமிழில் சொன்னார்.

“மாஸ்டர், அணி மூன்று வருசமாய் முன்னேறி வருதாம், பந்து பிடிக்கிறவையாலைதான் கெடுகுதாம். உங்கடை பெடியனுக்குக் கால் இருக்காம், கை இல்லையாம். நாலு வரி பதில் எழுதுங்கோவன்.”

முப்பது வருடம் பிறர் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் ‘கவனம் போதாது’ என்று எழுதியவன் நான். இவனுக்காக எழுத ஒரு வரியும் வரவில்லை. அடுத்த ஆட்டத்திலும் தவறவிட்டால் அணியில் இடமில்லை. அணிக்காகத்தான் கல்லூரி அவனை எடுத்தது. நான் அழைத்தால் போனை எடுக்கிறானில்லை.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எழுதும். எனக்கு எப்போதும் மிஞ்சுகிறது.

கடை திறக்கும் நேரமாகிவிட்டது. அவனை ஏசுவதற்கு முன் ஒன்று செய்யும். உம்முடைய முழங்காலோடு ஓட வேண்டாம். முற்றத்தில் நடந்தபடியே, மகள் சுபாங்கியைப் பின்னாலிருந்து கறிக்குப் பிழிகிற தேசிக்காய் ஒன்றை எறியச் சொல்லி, திரும்பிப் பிடித்துப் பாரும்.

பஞ்சலிங்கம்