சங்கமும் கட்சியும் நீயும்

இன்று மதியம் மில் தெருவழியே வந்தபோது காற்றில் பஞ்சுத் தூசியும் மிஷின் எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. மேலே நடக்க முடியாமல் நின்றுவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கட்டிப்போகும் வெள்ளைச் சேலையில்கூட அந்த வாடை இருக்கும். உன்னை அடக்கம் செய்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. நான் இன்னும் உன்னோடு வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். ராஜபாளையம் மில்லில், நூல் சுற்றும் ரீலிங் பகுதியில், நீயும் நானும் அடுத்தடுத்த மிஷின். சங்கத்தை உண்டாக்கியவர்கள் செங்கொடிக் கட்சிக்காரர்கள்தான். ஆனால் எங்களில் பலருக்குச் சங்கத்தை மட்டுமே தெரியும். பெண்களில் நீ ஒருத்திதான் இரண்டிலும் இருந்தாய். "கட்சி இல்லேன்னா சங்கம் ஏதுட்டி?" என்பாய்.

செட்டியார்பட்டி வேலம்மா பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். மேஸ்திரி அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். அவளைத் திரும்ப எடுக்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. அன்று சாயங்காலக் கூட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கட்சித் தோழர் சைக்கிளில் வந்தார்.

"பாசிஸ்ட்டுகள் ஜெயிச்சிரக் கூடாது. யுத்தம் முடியிற வரைக்கும் உற்பத்தி நிக்கக் கூடாது. மேலிடத்து முடிவு. மனுக் கொடுப்போம்," என்றார்.

நல்ல மனிதர், எங்களுக்காகச் சிறையில் அடிபட்டவர்.

நீ எழுந்தாய்.

"தோழரே, நீங்க சொல்லுதது எனக்குப் புரியுது. ஆனா இங்க இருக்கவிய கட்சியில சேரலை, சங்கத்துல சேந்திருக்காவ. முடிவ அவியதான் எடுக்கணும்."

"நீங்க கட்சி உறுப்பினராச்சே. கட்டுப்பட வேண்டாமா?"

"வேணும். அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, வேலைநிறுத்தத்துக்குக் கையைத் தூக்கினாய். அதற்குப் பிறகுதான் நாங்கள் தூக்கினோம்.

மில் நின்றது. வேலம்மாவைத் திரும்ப எடுத்தார்கள். உன்னைக் கட்சி நீக்கியது.

எனக்குக் கொதித்தது. நீயோ அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் கட்சிப் பத்திரிகையை விற்றுக்கொண்டு நின்றாய்.

"வெளிய தள்ளுனவுக பத்திரிகைய விக்க வெக்கமா இல்லையாட்டி?" என்று கத்தினேன்.

"என்னையத் தள்ளிட்டா இதுல எழுதியிருக்கது பொய்யாயிருமா?" என்றாய். அதற்குமேல் பேசவிடாமல் இருமல் வந்தது. பின்னால் உன்னைக் கொண்டுபோனதும் அந்த இருமல்தான்.

கட்சி உனக்குச் செய்தது சரியா? நீ கட்சிக்குச் செய்தது சரியா? இரண்டு பக்கமும் மனம் அலைந்துகொண்டே இருக்கிறது.

இப்போது என்னைச் சங்க நிர்வாகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் யாராவது "மேலே முடிவாயிருச்சு" என்று தொடங்கினால் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. அந்த முடிவு சரியாக இருக்கும் நாளிலும் எழுந்துவிடுகிறேன். உன்னைப்போலப் பேச வராது. "எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றுமட்டும் சொல்லி நிற்கிறேன். பொறவு பின்வரிசையில் யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவாள்.