நன்றிப் பூசை கொடுத்ததால் மறுக்கப்பட்ட காற்பயிற்சி

அனுப்புநர்:
திருமதி எ. மக்டலீன்,
கடற்கரை வீதி,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

விடயம்: புற்றுநோய்ச் சிகிச்சையால் கால் பாதிக்கப்பட்ட என் மகளுக்கு இயன்மருத்துவம் (பிசியோதெரபி) மறுக்கப்படுவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஜெசிதாவுக்கு வயது ஒன்பது. இரத்தப் புற்றுநோய்க்காகக் கொழும்பில் இரண்டரை வருடம் சிகிச்சை பெற்றாள். கடந்த தை மாதம் மருந்து நிறுத்தப்பட்டது. நோய் போய்விட்டது. ஆனால் உயிரைக் காத்த அதே மருந்து கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. பாதத்தை மேலே தூக்க முடியாமல் நுனிக்காலில் நடக்கிறாள். சமதரையிலும் இடறி விழுகிறாள். செருப்புக் கழன்றுபோவதுகூட அவளுக்குத் தெரிவதில்லை.

2. பயிற்சியை உடனே தொடங்க வேண்டும், வளரும் பிள்ளையாதலால் குதிக்கால் இறுகிவிட்டால் பிறகு சத்திரசிகிச்சைதான் என்று கொழும்பு வைத்தியர் கடிதம் தந்தார் (பிரதி இணைப்பில்). அதை மாசி மாதமே எமது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் கையளித்தேன். வைத்தியசாலையின் பெயரைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி இணைத்துள்ளேன். இம்மனு தங்களிடம் வந்து சேருமுன் எத்தனை பேர் கையில் போகுமோ தெரியாது.

3. இன்று ஆவணி. ஒரு திகதிகூடத் தரப்படவில்லை. அங்கு பதிவுகளைப் பார்க்கும் எழுதுவினைஞர் திரு. கிறகோரி எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். மருந்து நின்ற கிழமை நாங்கள் கோயிலில் நன்றிப் பூசை கொடுத்தபோது முன்வரிசையில் இருந்தவர். பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அவர் பத்துப்பேர் முன்னிலையில் என்னிடம் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "பிள்ளைக்குச் சுகம் எண்டு நீங்கள்தானே பூசை குடுத்தனீங்கள். இப்ப இஞ்சை வந்து வருத்தம் எண்டு சொல்லுறியள். ஆண்டவரையே ஏமாத்துறியளோ?" வைத்தியரின் கடிதத்தை அவர் பிரித்தும் பார்க்கவில்லை. கோப்பின் மேல் "குணமடைந்தவர்" என்று எழுதி மற்றக் கோப்புகளுக்கு அடியில் செருகிவிட்டார்.

ஐயா, மரியாதைக் குறைவாக எழுதக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கடவுளுக்குச் சொன்ன நன்றியைக் கொண்டுவந்து என் பிள்ளையின் காலுக்கு எதிராகச் சாட்சி வைக்கிறார்கள். எழுதவே அருவருப்பாக இருக்கிறது. அவருக்குச் சோறு பரிமாறியதும் இதே கைதான். நன்றி சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒருநாள் யோசித்தேன். ஒரு தாயை அப்படியும் யோசிக்க வைத்துவிட்டார்கள்.

4. கடந்த செவ்வாய்க்கிழமை அதே வைத்தியசாலையிலிருந்து முதன்முறையாகக் கடிதம் வந்தது. திகதி கிடைத்துவிட்டதென்று பிள்ளை கைதட்டினாள். பிரித்தால், புற்றுநோய் விழிப்புணர்வு நடைபவனிக்கு அழைப்பு. குணமடைந்த சிறுமி என்ற வகையில் ஜெசிதா பதாகை பிடித்து முன்னால் நடந்துவர வேண்டுமாம். மூன்று கிலோமீற்றர். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருந்தால் இப்படியொரு கடிதத்தில் கையொப்பமிட மனம் வருமா?

5. ஆகவே, என் மகளை வைத்தியர் ஒருவர் நேரில் பரிசோதித்து, இவ்வாரத்திற்குள் பயிற்சிக்குத் திகதி தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை எழுதுவினைஞர் தீர்மானிப்பதையும் தடுத்து நிறுத்துங்கள்.

அழைப்பு வந்த நாளிலிருந்து ஜெசிதா முற்றத்தில் விழுந்து விழுந்து நடந்து பழகுகிறாள். நடைபவனியில் விழாமல் நடந்து காட்டினால் திகதி தருவார்கள் என்று நம்புகிறாள். முழங்கால் இரண்டும் உரிந்துவிட்டன. அவளிடம் என்ன சொல்லி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எ. மக்டலீன்
(ஜெசிதாவின் தாய்)

இடம்: குருநகர்
திகதி: 22.08.2025