நீளக் கை ஸ்வெட்டர்

பெர்கன் நகரில் தன் தங்கை வீட்டில் கோபமாக உட்கார்ந்திருப்பவளுக்கு,

ஐம்பது வயதில் முக்குளிப்பா என்று கத்திவிட்டுப் போனாயே, இன்றும் பயிற்சியில் தோற்றுவிட்டேன். நீர் புகாத உடுப்புக்குள் நீ பின்னிய ஸ்வெட்டரைத்தான் போடுகிறேன். அதன் கைநுனி மணிக்கட்டை இறுக்கும் ரப்பரைத் தாண்டி வெளியே நிற்கிறது. அந்தக் கம்பளி வழியாகவே குளிர்தண்ணீர் முழங்கைவரை ஏறிவிட்டது. நடுங்கிக்கொண்டே மேலே வந்தேன்.

"யோவ் பெரிசு, மூணாவது தடவை! அதை வெட்டித் தொலையேன்யா," என்றாள் சொல்லிக்கொடுக்கும் டோருன்.

"என் விரலை வேணா வெட்டிக்கோ தாயி."

சனிக்கிழமை கடைசிப் பரீட்சை. தேறாவிட்டால் சிப்பி எடுக்கும் படகில் வேலை கிடையாது. கத்தரிக்கோலைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. பின்னியவள் வந்து இரண்டு விரற்கடை பிரித்தால் போதும். அங்கிருந்து வரும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் இடம் இருக்கிறதாம். சும்மா விசாரித்தேன்.

இப்படிக்கு,
'குரங்குக் கை' என்று சிரித்துக்கொண்டே நீ அளவெடுத்த ஆள்