ஒன்பது பட்டை

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜீப்பின் இடது பின்பக்க ஸ்பிரிங்கில், அடுக்கிவைத்த இரும்புப் பட்டைகளில் மெயின் பட்டை இரண்டாக உடைந்துவிட்டது. காலையில் மூன்றாவது மீன்பிடி போட்டை இழுத்துக் கரையேற்றும்போது டங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஜீப்பின் பின்புறம் டிரெய்லர் கொக்கியோடு மணலில் குந்திவிட்டது. போட்டுக்காரர்கள் எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். டயர் மட்கார்டில் உரச உரச வீடு வந்து சேர்ந்தேன்.

நான் இந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. என் கைராசிதான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்னால இல்ல. இருவத்தேழு வருசத்து இரும்பு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 10, புதன்

மெக்கானிக் தாமஸ் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். வலது பக்கமும் தளர்ந்துவிட்டதாம். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. வண்டியோடு வந்த மாதிரியே ஏழு பட்டை போட்டால் உட்கார்ந்து போக மெத்தென்று இருக்கும், பெரிய போட்டை மாட்டினால் அமுங்கிவிடும். தடித்த ஒன்பது பட்டை எதையும் இழுக்கும், காலி வண்டியாகப் போனால் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும்.

"வண்டி போட் இழுக்கவா, ஆள் ஏத்தவா? அத்த மொதல்ல முடிவு பண்ணுக்கா" என்றான்.

இரண்டுக்கும்தானே! ஜூன் மாதம் டிரெய்லர் சரிந்து இவர் இடுப்பில் இடித்ததிலிருந்து ஆபரேஷன், படுக்கை, இப்போது செவ்வாயும் வெள்ளியும் ராயபுரம் ஆஸ்பத்திரியில் இடுப்புக்குப் பயிற்சி. அங்கே கொண்டுபோய்க் கொண்டுவருவதும் இதே ஜீப்தான். இடுப்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் ரோட்டில் குலுங்காமல் எப்படிப் போவது என்று அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மணலி ரோட்டில் இருக்கும் ஸ்பிரிங் கடைக்குத் தாமஸோடு போனேன். பட்டையின் அகலம், கனம், நீளம் எல்லாம் சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கேட்டதெல்லாம் நான். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் தாமஸுக்கு. வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் டில்லிபாபு பேரில் என்றேன்.

"அப்ப அவர அனுப்பும்மா. பேஜாரு இல்லாம முடிச்சிடலாம்."

அவர் நடக்கவே கைத்தடி வேண்டும், ஓட்டுவது நான்தான் என்றேன். ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி தாமஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். தாமஸுக்கே கூச்சமாகிவிட்டது. நான் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். இத்தனை வயதுக்கு மேல் ரோட்டில் நின்று அழுவதா? அழவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

செப்டம்பர் 13, சனி

வண்டி நிற்கிறது. வேலை இல்லை. மூன்று பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஷேர் ஆட்டோவில் பயிற்சிக்குப் போனோம். மேம்பாலம் இறங்குகிற இடத்துப் பள்ளத்தில் ஆட்டோ விழுந்தபோது இவர் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை.

முடிவு செய்துவிட்டேன். ஏழு பட்டைதான். பெரிய போட் வேண்டாம், சின்னதாக இழுத்தால் போதும். என்றைக்கோ ஒருநாள் இவரே மறுபடி ஓட்ட வேண்டும். ஒன்பது பட்டை போட்ட வண்டியில் இந்த இடுப்பால் பத்து நாள் ஓட்ட முடியுமா?

செப்டம்பர் 18, வியாழன்

தாமஸ் ஒரு நடுவழி சொன்னான். ஏழு பட்டையையே போட்டுவிட்டு, மேலே தனியாக ஒரு துணைப் பட்டை. பளு ஏறி வண்டி தாழும்போது மட்டும் அது போய் முட்டித் தாங்குமாம். கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

மத்தியானம் அவனே திரும்பி வந்தான். துணைப் பட்டை முட்டுவதற்கு வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புத் தாங்கி வைத்துப் பூட்ட வேண்டும். அந்த இடத்தைச் சுத்தியால் தட்டிக் காட்டினான். துரு அப்பளமாக உதிர்ந்தது. உப்புத் தண்ணியில் இறங்கி இறங்கி, அந்த இடத்தில் மட்டும் இரும்பு மெலிந்துவிட்டதாம். அங்கே துளை போட மாட்டேன் என்றான். வேறு யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். பாவம், அவன் சுத்தியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். நியாயம் அவன் பக்கம்தான் என்பதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 19, வெள்ளி

கடைக்கு போன் செய்து ஏழு பட்டை இரண்டு செட் சொல்லிவிட்டேன். இவரிடமும் சொன்னேன். ம் என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

வந்த செட்டில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரே பெட்டி, ஒரே சீட்டு, இரண்டு அளவு! திருப்பி அனுப்பினேன். பூஜை லீவு முடிந்துதான் வருமாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பின் சக்கரம் இரண்டும் கழற்றிக் கட்டைமேல் நிற்கிற வண்டிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் தாமஸ் வேலையை முடித்துவிட்டான். வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். கடைக்காரன் மறுபடி ஏமாற்றிவிட்டான் என்று போனை எடுத்தேன். தாமஸ் தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணன்தான் கடைக்குப் பேசி மாத்தச் சொன்னாருக்கா" என்றான்.

உள்ளே போனேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கடைக்காரன் என்னை மதிக்கவில்லை, நீயும் மதிக்கவில்லை என்றேன். நாயாய் அலைந்தேனே என்றேன். உன் இடுப்புக்காகத்தானே என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனுக்காகப் பாக்காத, குழலி. நான் இனிமே அந்த வண்டில குந்தப் போறதில்ல."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ரயிலு கீது."

"அப்ப ஓட்டப் போறது யாரு மாமா?"

"நீதான். மூணு மாசமா நீதான ஓட்டிக்கினு கீற. நான் ஓட்டுவேன்னு நெனச்சிக்கினு பட்டைய வாங்காத. இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு."

அன்றைக்கே என்றால் எப்போது? ஜூலையிலா? இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பைத்தியக்காரி மாதிரி பட்டை எண்ணிக்கொண்டிருந்தேனே.

அக்டோபர் 5, ஞாயிறு

பேசவில்லை. இரண்டு பேரும்.

அக்டோபர் 7, செவ்வாய்

கைத்தடியோடு தனியாகத் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கூட வருகிறேன் என்றதற்கு, மூன்று போட் காத்திருக்கிறது, போய்ப் பார் என்றார். மத்தியானம் வரும்வரை ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் வாசலுக்குப் போனேன். வந்தவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ஜூனுக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

அக்டோபர் 22, புதன்

கடலில் தாழ்வு மண்டலம், எல்லாப் போட்டையும் மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து மழையில் பதினான்கு போட். சங்கத் தலைவர் மனோகரனின் பெரிய போட்டைக் கடைசியாக மாட்டினேன். அலை பின்சக்கரம் வரை வந்தது. பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழவில்லை. ஏழு பட்டையாக இருந்திருந்தால் அதைக் கடல் கொண்டுபோயிருக்கும். இவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. அது ஒன்றும் இனிக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

நான்கு நாளாக எனக்கும் இடுப்பு வலி. இடது காலில் ஒரு இழுப்பு. காலி டிரெய்லரோடு ரோட்டில் வரும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறுகிறது. இவரிடம் சொல்லவில்லை. அம்மிக்குக் குனிகிறவள் மாதிரி குனிந்து செருப்பை மாட்டினேன், பார்த்துவிட்டார். "எங்க, இங்கயா?" என்று விரலை வைத்தார். சரியாக அந்த இடம்.

நவம்பர் 8, சனி

அக்கா மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், தாமஸ் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கழற்றிவிட்டிருந்தான். யார் சொல்லி என்று கேட்கவே இல்லை. நேராக வீட்டுக்குள் போனேன், இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று.

மனோகரன் வந்து உட்கார்ந்திருந்தார். புயல் மாதம் வருகிறபோது வண்டியை இப்படிப் பண்ணிவிட்டாயே, என் போட்டை எதில் ஏற்றுவது என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டிராக்டர் சொல்லிக்கோ மனோகரா" என்றார் இவர். "பெரிய போட்டு இனிமே நாங்க எடுக்கறதில்ல. அவளுக்கு இடுப்பு வலிக்குது."

நான் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் டீ வைத்தேன்.